பாணை விலக்கியோர்க்கு மாற்றுணவு

மேல்நாட்டாருடைய வாழ்க்கையிற் பாண் பெற்றுள்ள இடம் பெரிது. தமிழர்க்குச் சோறு எவ்வாறோ அவ்வாறே அவர்க்குப் பாண். தோழனைக் குறிக்கும் 'கொம்பானியன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரை ஆராய்ந்தால், 'ஒருங்கிருந்து பாண் உண்பவன்' என்பதே அதன் பொருளாகக் காணப்படும். ஒருவரோடொருவர் பகிர்ந்துண்ணும் உணவே நட்புக்குப் பெயராயிற்று. இலங்கைத் தமிழில் வழங்கும் 'பாண்' என்னுஞ் சொல்லும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததே. சொல்லோடு பழக்கமும் நிலைத்தது. இன்று காலையிலோ இரவிலோ பாண் உண்ணும் வீடுகள் இந்நாட்டிற் பல.

இவ்வளவு நெருங்கிப் பழகிய உணவை ஒருவர் திடீரெனத் தம் தட்டிலிருந்து நீக்க நேர்ந்தால் என்ன செய்வார்? கடுமையான வலிப்பு நோயுற்ற குழந்தைக்கு வைத்தியர் விதித்த உணவுமுறையால் அவ்வாறு நேரலாம். நீரிழிவைக் கட்டுப்படுத்தவோ உடற்பருமனைக் குறைக்கவோ ஒருவர் தாமே மேற்கொண்ட முடிவாலும் நேரலாம். முதல் வாரம் ஊக்கத்தோடு கழியும். இனிப்பைத் துறத்தல் பலருக்கு எளிதாகவே இருக்கும். ஆனால் சம்பலைத் தொட்டுக்கொள்ளவும், கறியின் குழம்பைத் துடைத்துண்ணவும், அவசரத்தில் எதையேனும் இடையில் வைத்து மடித்துத் தின்னவும் ஒன்றுமில்லாதபோது மனவுறுதி தளரும். ஆகவே பாணுக்கு மாற்று யாது, அம்மாற்று எந்த அளவுக்கு நிறைவு தரும், அது யாருக்குப் பொருந்தும் என்னும் கேள்விகள் சுவை பற்றியன மட்டுமல்ல. மேற்கொண்ட சிகிச்சை நிலைப்பதும் குலைவதும் அவற்றின் விடையைப் பொறுத்தவை.

இக்காலத்தில் 'கீட்டோ உணவு' என்று பலராலும் பேசப்படும் முறை யாதென்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் நன்று. அரிசி, கோதுமை, கிழங்கு, பழம், சீனி ஆகியவற்றில் நிறைந்திருப்பது காபோவைதரேற்று. பேச்சு வழக்கில் இதனை மாச்சத்து என்பர். உண்ட மாச்சத்து குளுக்கோசாக மாறிக் குருதியிற் கலந்து உடலுக்கு எரிபொருளாகின்றது. அதில் ஒரு பகுதியை ஈரல் சேமித்து வைக்கும். எனினும் அச்சேமிப்பு ஏறத்தாழ ஒருநாட் செலவுக்கே போதுமானது. மாச்சத்து வருவது மிகக் குறைந்தால், உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் எனப்படும் பொருள்களை ஆக்கும். கொழுப்பமிலங்களை நேராக எரிபொருளாகக் கொள்ள இயலாத மூளை இந்தக் கீட்டோன்களைப் பயன்படுத்தும். நீண்ட நாள் உண்ணாதிருப்போரின் மூளை கீட்டோன்களையே பெரிதும் பயன்படுத்துகின்றது என்பதை அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் காஹிலும் அவருடன் பணியாற்றியோரும் 1967ஆம் ஆண்டிற் காட்டினர். உண்ணாநோன்பில் உடல் அடையும் இந்நிலையை, உண்டுகொண்டே அடையச் செய்வதுதான் கீட்டோ உணவுமுறை.

இம்முறையை மேற்கொள்ளும் வளர்ந்தோர் ஒருநாளைக்குப் பொதுவாக 20 முதல் 50 கிராம் வரையான மாச்சத்தையே உண்பர். இவ்வெல்லையைப் பாணோடு ஒப்பிட்டால் இடர்ப்பாடு தெளிவாகும். 100 கிராம் வெள்ளைப் பாணில் ஏறத்தாழ 49 கிராம் மாச்சத்து உண்டு. 30 கிராம் எடையுள்ள ஒரு மெல்லிய துண்டில் அது 15 கிராம் ஆகும். கடையில் வாங்கும் கால் றாத்தல் பாணை ஒருவர் உண்பாராயின், ஏறக்குறைய 55 கிராம் மாச்சத்து உட்செல்லும். ஒருநாள் முழுவதற்கும் உரிய பங்கு ஒரே வேளையில் தீர்ந்து, மிஞ்சியும் போகும். 'கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்' என்று சமாதானஞ் செய்துகொள்ள இங்கே இடமில்லை.

பாணுக்கு மாற்றுத் தேடும் முயற்சி இன்று நேற்று தோன்றியதன்று. இன்சுலின் அறியப்படாத காலத்தில் நீரிழிவு நோயாளருக்கு உணவுக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு கதியில்லை. பிரான்சு நாட்டு வைத்தியர் அப்போலினேர் பூசார்டா, 1841ஆம் ஆண்டளவில், 'குளூட்டன் பாண்' என்பதை நோயாளருக்குப் பரிந்துரைத்தார். கோதுமை மாவைப் பிசைந்து நீரிற் கழுவினால் மாப்பொருள் கரைந்தோடும். கையில் இழுபடும் பசை போன்ற புரதம் எஞ்சும். அப்புரதமே குளூட்டன். அதைக்கொண்டு சுட்ட பாணில் மாச்சத்துக் குறைவு. 1870–71இல் பாரிஸ் நகரம் முற்றுகைக்கு உள்ளாகி மக்கள் பட்டினியால் வாடியபோது, நீரிழிவு நோயாளர் சிலரின் சிறுநீரிற் சீனி மறைந்ததையும் இவரே அவதானித்தார். அதே நூற்றாண்டில் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த பேவி என்னும் வைத்தியர் பாதாம் பருப்பை அரைத்துச் செய்த பாணையும் பிஸ்கற்றையும் நீரிழிவு நோயாளருக்கு எடுத்துரைத்தார். இன்று புதுமையெனப் போற்றப்படும் பாதாம் மாப் பாண் 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது.

அக்கால வரலாற்றில் இன்றும் நினைவிற் கொள்ளத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. நீரிழிவு நோயாளருக்கென்று விற்கப்பட்ட குளூட்டன் மாக்களையும் பாண்களையும் அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநில விவசாயப் பரிசோதனை நிலையத்தார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்ந்து பார்த்தனர். மாச்சத்துக் குறைந்தவை என்று விலை கூட்டி விற்கப்பட்டவற்றுட் பல, மாச்சத்து மிகுந்தவையாகவே காணப்பட்டன. நோயாளர் பெயரை நம்பி வாங்கினர். பொருளோ வேறாக இருந்தது. இவ்வேமாற்றம் அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பது பின்னர் கூறப்படும்.

1921ஆம் ஆண்டு பாணின் வரலாற்றில் ஒரு வியப்பான ஆண்டு. கனடா நாட்டின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவரும் இன்சுலினைக் கண்டறிந்தது அவ்வாண்டிலேதான். 1922 சனவரியில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. அதன் பின்னர் நீரிழிவு நோயாளரின் தட்டுக்குப் பாண் அளவோடு திரும்பி வந்தது. அதே 1921ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ வைத்திய நிலையத்தில் ரசல் வைல்டர் என்னும் வைத்தியர் மற்றொரு கருத்தை முன்வைத்தார். உண்ணாதிருக்கும்போது வலிப்புத் தணிகின்றது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. ஆயின் எவரும் எந்நாளும் உண்ணாதிருத்தல் இயலாது. கொழுப்பை மிகுத்து மாச்சத்தைக் குறைத்து உணவளித்தால், பட்டினியின் பயனைப் பட்டினியின்றியே பெறலாம் என்பது வைல்டரின் கருத்து. 'கீட்டோன் ஆக்கும் உணவு' என்னும் பெயரை இட்டவரும் அவரே. இவ்வாறு ஒருசார் நோயாளருக்குப் பாண் மீண்ட ஆண்டிலேயே மற்றொருசார் நோயாளரிடமிருந்து அது விடைபெற்றது.

1925இல் அதே நிலையத்தைச் சேர்ந்த பீற்றர்மன் என்பவர் இதற்கு அளவு வகுத்தார். குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒரு கிராம் புரதம், நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் மாச்சத்து, எஞ்சியதெல்லாம் கொழுப்பு. ஒரு துண்டுப் பாண் 15 கிராம் மாச்சத்துடையது என்று மேலே கண்டோம். அஃதாவது, குழந்தை ஒரு துண்டுப் பாணைத் தின்றுவிட்டால், அந்நாளில் வேறு காய்கறியோ பாலோ உண்ண வழியில்லை. பின்னர் 1938இல் பெனிற்றோயின் என்னும் மருந்து வலிப்பைத் தடுக்கவல்லது எனக் கண்டறியப்பட்டது. மாத்திரை விழுங்குதல் எளிது. ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்து அளத்தல் கடிது. ஆகவே உணவு மருத்துவம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. எனினும் போல்ரிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை போன்ற சிலவிடங்களில் அது தொடர்ந்து கைக்கொள்ளப்பட்டு, 1990களில் மீண்டும் பரவியது. இலண்டன் கிறேற் ஓமண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையைச் சார்ந்தோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துகளுக்கு அடங்காத வலிப்புடைய 145 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். மூன்று மாத முடிவில், இவ்வுணவை உண்ட பிள்ளைகளில் 38 வீதத்தினருக்கு வலிப்புப் பாதிக்கு மேற் குறைந்தது. வழக்கமான உணவை உண்டோரில் 6 வீதத்தினருக்கே அவ்வாறு குறைந்தது. இவ்வாறான குழந்தை 'எனக்கும் பாண் தா' என்று கேட்கும்போது அதற்கீடாக எதைக் கொடுப்பது என்பது அவ்வீட்டாருக்குச் சிறிய கேள்வியன்று.

மாற்றுப் பாண் ஏன் எளிதில் அமைவதில்லை? பாண் எவ்வாறு பாணாகின்றது என்பதை அறிந்தால் விடை கிடைக்கும். கோதுமை மாவை நீர் விட்டுப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் குளூட்டன் வலையாகின்றன. மதுவம் சீனியை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவை வெளியிடுகின்றது. வலை போன்ற மா அவ்வாயுவைப் பிடித்துவைத்து ஊதுகின்றது. போறணையின் வெப்பத்தில் மாப்பொருள் நீரை உறிஞ்சி, இறுகி, அந்த வடிவத்தை நிலைபெறச் செய்கின்றது. மேற்றோல் சிவந்து மணம் பிறக்கின்றது. மாப்பொருளை நீக்கினால் இறுகுவதற்குப் பொருளில்லை. கோதுமையையே நீக்கினால் வலையும் இல்லை. எனவே மாற்று மா ஒன்றைக் கொண்டுவந்து அதே அளவில் இட்டால் பாண் எழாது. பொடியாய் உதிரும், அல்லது களியாய் நிற்கும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு பொருளைத் தேடிச் சேர்த்தல் வேண்டும்.

மேல்நாட்டுச் சமையலறைகளில் இதற்கெனப் பயன்படுவன நான்கு. முதலாவது பாதாம் மா. 100 கிராமில் கொழுப்பு ஏறத்தாழ 50 கிராம், புரதம் 21 கிராம். நார்ப்பொருள் நீங்கலாக மாச்சத்து 10 கிராம் அளவே. சுவை இனியது, ஆனால் பிணைப்பில்லை. இரண்டாவது தேங்காய் மா. பாலெடுத்த தேங்காய்ப்பூவை உலர்த்தி அரைத்தது இது. நீரை மிகுதியாக உறிஞ்சுவதாற் சிறிதளவே போதும். அளவு மிஞ்சினால் தொண்டையில் அடைக்கும். மூன்றாவது ஆளிவிதை மா. நார்ப்பொருளை நீக்கினால் இதில் மாச்சத்து அநேகமாக இல்லை. நீர்பட்டதும் வழுவழுப்பாகிப் பிணைக்கும். ஆயின் ஒருவகைக் கார மணம் உண்டு. நான்காவது இசப்புகோல் உமி. மலச்சிக்கலுக்கு மருந்தாக அறியப்பட்ட இப்பொருள் நீரைப் பற்றிக் கூழாகி, குளூட்டன் வலையின் தொழிலில் ஒரு பகுதியைச் செய்கின்றது. பாணுக்குரிய இழுவையும் மென்மையும் மாற்றுப் பாணில் ஓரளவு தோன்றுமாயின் அது பெரும்பாலும் இதனாலேயே. இந்நான்குக்கும் துணையாய் நிற்பது முட்டை. வெப்பத்தில் இறுகும் அதன் புரதம் மாப்பொருளின் இடத்தை நிரப்புகின்றது. உருக்கிய சீஸுடன் பாதாம் மாவைச் சேர்த்துப் பிசைதலும் உண்டு. சீஸின் பாற்புரதம் இழுபடுந் தன்மையுடையது ஆதலின் அம்மாவை உருட்டித் தட்டவும் முடியும்.

இவற்றால் ஆகும் எளிய வகை ஒன்று வருமாறு. 30 கிராம் பாதாம் மா, ஒரு முட்டை, உருக்கிய பட்டர் 15 கிராம், அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை நன்கு கலந்து, நெய் பூசிய கிண்ணத்தில் ஊற்றி, ஆவியில் 12 முதல் 15 நிமிடம் அவித்தெடுக்கலாம். ஆறியபின் இரண்டாக அரிந்து, வாணலியில் இட்டு இருபுறமும் சிவக்க வாட்டினால், வாட்டிய பாணின் மணமும் மொறுமொறுப்பும் ஓரளவு வாய்க்கும். மாச்சத்து முழுவதிலும் 4 கிராமைத் தாண்டாது.

போறணை உள்ள வீட்டார் பணிஸ் போன்ற வகையையும் செய்யலாம். 150 கிராம் பாதாம் மா, 40 கிராம் இசப்புகோல் உமித்தூள், இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்துகொள்க. அதில் மூன்று முட்டையின் வெள்ளைக் கருவையும், இரண்டு தேக்கரண்டி வினாகிரியையும், 250 மில்லிலீற்றர் கொதிநீரையும் விட்டு விரைந்து பிசைந்து, ஆறு உருண்டைகளாக்கி, 175 பாகை செல்சியசில் 50 முதல் 60 நிமிடம் வேகவிடுக. நேரம் போதாவிடின் உட்புறம் பிசுபிசுக்கும். இதை உண்போர் நீரை நிறையப் பருகுதல் வேண்டும். இசப்புகோல் நீரின்றிக் குடலில் இறுகினால் தீமை விளையும். மாத்திரை உண்பதற்கும் இதனை உண்பதற்குமிடையே இரண்டு மணிநேரமாவது இடைவெளி விடுதல் நன்று. ஏனெனில் இசப்புகோற் கூழ் சில மருந்துகள் உடலிற் சேர்வதைத் தடுக்கும்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. மேற்கூறிய சிறு பாணில் மாச்சத்துக் குறைவேயன்றிச் சக்தி குறைவன்று. பாதாமும் பட்டரும் முட்டையும் சேர்ந்து 350 கலோரியை அணுகும். இரண்டு துண்டு வெள்ளைப் பாணில் 160 கலோரியே உண்டு. 'மாச்சத்து இல்லை, ஆகவே எவ்வளவும் உண்ணலாம்' என்று எண்ணி உடல் மெலிய விரும்புவோர் ஏமாறும் இடம் இதுவே.

இனி, நிறைவு என்பது எதனால் உண்டாகின்றது? பாணைப் போலவே இருத்தலால் மட்டும் அன்று. மாற்றுப் பாணை வாயிலிட்டவுடன் நாக்கு பழைய பாணைத் தேடும். அது கிடைக்காதபோது, நல்ல உணவாயினும் குறையுள்ளதாகவே தோன்றும். அனுபவமுள்ள உணவு ஆலோசகர்கள் கூறும் வழி வேறு. பாண் தட்டில் என்ன தொழிலைச் செய்தது என்று முதலிற் கேட்டு, அத்தொழிலுக்கு மட்டும் ஆள் தேடுதல் வேண்டும் என்பர். ஒருவருக்குப் பாண் ஒரு கைப்பிடி. இறைச்சியையும் முட்டையையும் ஏந்தும் ஏனம். அவருக்குச் சலாது இலையோ, வாட்டிய கோவா இலையோ, மெல்லியதாக வார்த்த முட்டை ரொட்டியோ போதும். இன்னொருவருக்கு அது குழம்பை உறிஞ்சும் பஞ்சு. அவருக்குத் துருவி வதக்கிய பூக்கோவா ஏற்றது. 100 கிராமில் நார்ப்பொருள் நீங்கலாக மாச்சத்து 3 கிராமே. வேறொருவருக்கு வேண்டியது கடிக்கும்போது எழும் மொறுமொறுப்பு. மெல்லியதாகப் பரப்பிச் சுட்ட சீஸும், ஆளிவிதையில் தட்டிச் சுட்ட பிஸ்கற்றும் அதனைத் தரும். பட்டர் பூசிய பாணின் சுவையையே நாடுவோர் தடித்த கத்தரிக்காய்த் துண்டை வாட்டி அதன்மேற் பட்டரைப் பூசலாம். வயிறு நிறைந்த உணர்வை விரும்புவோர்க்குப் புரதமும் நார்ப்பொருளும் அதனைத் தரும். காலையில் இரண்டு முட்டையும் கீரையும் உண்டவர்க்கு நண்பகல்வரை பசி எழாதிருத்தல் கூடும்.

இலங்கையில் இம்முறையை மேற்கொள்வோர் மற்றொரு மயக்கத்தையும் நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். வெள்ளைப் பாண் தீது என்று கேட்டவுடன், தவிட்டுப் பாண், குரக்கன் பாண், குரக்கன் பிட்டு, ஒடியற் கூழ் ஆகியவற்றை மாற்றாகக் கொள்வோர் பலர். அவை நல்லுணவுகளே. நார்ப்பொருள் மிகுந்த தவிட்டுப் பாணும் குரக்கனும் வெள்ளை மாவினும் சிறந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 70 கிராம் மாச்சத்து உண்டு. ஒடியல் மாவும் பெரும்பகுதி மாப்பொருளே. உளுந்து புரதம் மிக்கதாயினும், நார்ப்பொருளை நீக்கியும் அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு மாச்சத்தே. பொதுவான ஆரோக்கியத்துக்கு ஏற்றது வேறு. கீட்டோ உணவுக்கு ஏற்றது வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணி, 'நான் பாணே தொடுவதில்லை, குருதியிற் சீனி ஏன் குறையவில்லை' என்று கலங்குவதிற் பயனில்லை.

ஆயின் இந்நாட்டிற் கையருகே கிடைக்கும் செல்வம் ஒன்று உண்டு. அது தேங்காய். 100 கிராம் தேங்காய்ப்பூவிற் கொழுப்பு 33 கிராம். நார்ப்பொருள் நீங்கலாக மாச்சத்து 6 கிராம் அளவே. வெளிநாடுகளில் விலை கொடுத்து வாங்கப்படும் தேங்காய் மா, இங்கே பாலெடுத்தபின் எறியப்படும் பிழிந்த பூவிலிருந்தே ஆகக்கூடியது. அதை வெயிலிலோ இளஞ்சூட்டிலோ நன்கு உலர்த்தி அரைத்து அரித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் மாவுடன் ஒரு தேக்கரண்டி இசப்புகோல் உமி, இரண்டு முட்டை, உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துச் சிறிது நேரம் ஊறவிட்டுக் கல்லில் தட்டிச் சுட்டால், தேங்காய் ரொட்டியின் நினைவைத் தரும் ரொட்டி கிடைக்கும். விலையுயர்ந்த பாதாமை நாடாமலே இவ்வகையில் நாட்களை ஓட்டலாம். மேலும் சம்பல், சொதி, மீன் குழம்பு ஆகியவை இதனோடு நன்கு இயையும். பிறநாட்டார் பலருக்கு வாய்க்காத வசதி இது.

கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் 'கீட்டோ பாண்' பற்றியும் ஒரு சொல். அவற்றின் உறைகளில் 'தேறிய மாச்சத்து 1 கிராம்' என்றாற்போல எழுதப்பட்டிருக்கும். மொத்த மாச்சத்திலிருந்து நார்ப்பொருளைக் கழித்துப் பெற்ற தொகை அது. குடலிற் செரியாத நார்ப்பொருள் குருதியிற் சீனியாகாது என்பதே அக்கழிப்பின் நியாயம். ஆயின் உருமாற்றிய மாப்பொருள்களையும், மோல்ரிற்றோல் போன்ற இனிப்புகளையும் நார்ப்பொருளோடு சேர்த்துக் கழித்துவிடுவாரும் உளர். அவற்றில் ஒரு பகுதி செரித்துக் குருதியிற் சேரவே செய்யும். சிலர் துண்டின் அளவை மிகச் சிறிதாகக் காட்டி எண்ணைக் குறைப்பர். கனெற்றிக்கட் ஆய்வாளர் கண்ட பழைய ஏமாற்றத்தின் புதிய உருவம் இது. குருதிச் சீனியை அளக்கும் சிறு கருவி வீட்டில் இருக்குமாயின், உண்பதற்கு முன்னும் உண்டு இரண்டு மணிநேரத்தின் பின்னும் அளந்து பார்த்தல் எவ்விளம்பரத்தினும் நம்பத்தக்கது.

யாருக்கு இம்முறை பொருந்தும் என்பதே முடிவான கேள்வி. வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு இது உணவன்று, மருந்து. வைத்தியரும் உணவு ஆலோசகரும் அளந்து விதித்தாலன்றிப் பெற்றோர் தாமே தொடங்கலாகாது. கொழுப்பை எரிக்க இயலாத பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே முன்கூட்டிய பரிசோதனை இன்றியமையாதது. விதிக்கப்பட்ட குழந்தைகளிடத்தும் மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சிக் குறைவு ஆகியவை தோன்றலாம் ஆதலின், உயிர்ச்சத்துகளைத் துணையாகக் கொடுத்து இடையிடையே சோதித்துப் பார்ப்பர்.

நீரிழிவுள்ள வளர்ந்தோர் மாச்சத்தைக் குறைத்தால் குருதியிற் சீனி குறைதல் உண்மையே. முதல் ஆறு மாதத்திற் காணப்படும் இப்பயன், ஓராண்டாகும்போது ஏனைய உணவுமுறைகளின் பயனோடு ஏறத்தாழ ஒப்ப வந்துவிடுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பலரால் அதனைத் தொடர முடியாமை அதற்கு ஒரு காரணம். ஆபத்தும் உண்டு. இன்சுலின் ஏற்றுவோரும், சீனியைக் குறைக்கும் சிலவகை மாத்திரை உண்போரும் மருந்தின் அளவை மாற்றாது பாணையும் சோற்றையும் நிறுத்தினால், சீனி மிகத் தாழ்ந்து மயங்கி வீழ்தல் கூடும். எம்பாகுளிபுளோசின், டபாகுளிபுளோசின் போன்று சிறுநீர் வழியே சீனியை வெளியேற்றும் மாத்திரைகளை உண்போருக்குக் கீட்டோன் அளவுமீறிக் குருதி அமிலமாகும் ஆபத்து உண்டு. கருவுற்ற தாய்மாரும் சிறுநீரக நோயுள்ளோரும் இம்முறையைத் தாமாக நாடுதல் தகாது. சிலருக்குக் குருதியிற் கொலஸ்ரரோல் ஏறுவதால், அதனையும் கவனித்தல் வேண்டும்.

இம்முறை தேவையில்லாதவர்க்குப் பாண் பகையன்று. அளவறிந்து உண்போர் அதனை வெறுக்கக் காரணமில்லை. தேவையுள்ளவர்க்கோ, மாற்றுணவு செய்யவேண்டிய பணி தெளிவானது. பாணின் சுவையை அப்படியே திருப்பித் தருதல் அதனால் ஆகாது. ஆயினும், வீட்டார் அனைவரும் கூடி உண்ணும் வேளையில், வெறுந்தட்டோடு பார்த்திருக்கும் நிலையிலிருந்து நோயாளியை அது காக்கும். இவ்வுணவுமுறையைக் கைவிடுவோர் எல்லாரும் பசியாற் கைவிடுவதில்லை. தாம் மட்டும் பந்தியிலிருந்து விலக்கப்பட்டதாக எண்ணும் மனச்சோர்வாலும் சிலர் கைவிடுதல் கூடும். ஆகையால் அக்குழந்தைக்கென்று தனியே சுட்ட தேங்காய் ரொட்டியில் ஏனையோரும் ஒரு துண்டு எடுத்து உண்பாராயின், அது அவர்கள் உடலுக்குக் கேடு செய்யாது, குழந்தைக்கோ பெருந்துணையாகும். ஒருங்கிருந்து உண்பவனே தோழன் என்று அந்த இலத்தீன் சொல் கூறுகின்றது. உண்ணப்படும் பொருள் மாறலாம். உடனிருந்து உண்ணுதலை வீட்டார் மாற்றாதிருத்தல் வேண்டும்.